வண்ணத்துப்பூச்சிப் படம் ஏன் சொதப்புகிறது? கொல்லைப்புறப் படக்காரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி தாண்டினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வண்ணத்துப்பூச்சிப் படங்கள் வந்து விழும். சிங்கப்பூரின் செராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் இருக்கும் அக்கா கொல்லைப்புறத்திலிருந்து அனுப்புவார். ஈசூனில் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்திலிருந்து மாமா அனுப்புவார். படத்துக்கு அடியிலேயே கேள்வியும் வரும்: "என்ன தப்பு பண்ணேன்?"

ஏழெட்டுத் தப்புகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். முழுவதையும் படிக்க வேண்டாம். உங்கள் படத்தில் என்ன குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பர்ஸைத் திறக்கவைக்கும் காரணம் கடைசியில் இருக்கும். அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் ஒருமுறை குதித்து அவமானப்பட்ட கதை கீழே வருகிறது.

## பூச்சி புள்ளியாகத் தெரிகிறது. கிட்டே போனால் பறந்துவிடுகிறது

முதலில் உங்கள் நிழலைப் பாருங்கள். காலை ஒன்பது மணி வெயிலில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால், உங்களுக்கு முன்னால் உங்கள் நிழல் பூவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பூச்சி வருவதற்கு முன்பே பூவின் எதிரே நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பூவின் மேல் விழுந்தால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளுங்கள்.

நிழல் இல்லை, ஆனாலும் பறக்கிறதா? அப்படியானால் நீங்கள் துரத்துகிறீர்கள். மாமா செய்வது இதுதான்: பூச்சி உட்கார்ந்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடுவார். உட்கார்ந்த உடனே அது எச்சரிக்கையாக இருக்கும். உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டுக் குடிக்கத் தொடங்கிய பிறகு மெதுவாக நெருங்கலாம். கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, கேமராவைக் கண் மட்டத்துக்கு முன்பே தூக்கிக்கொண்டு, அப்புறம் நகருங்கள். பாதி வழியில் கையைத் தூக்கினால் கதை முடிந்தது.

இதைவிட நல்ல வழி, போகாமலே இருப்பது. இட்லிப்பூக் கொத்து, உன்னிச்செடிக் கொத்து இரண்டிலும் பல சின்னப் பூக்கள் சேர்ந்திருக்கும். பூச்சி ஒவ்வொன்றாகக் குடித்தபடி அதே கொத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

நேரம். இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில் எழுகிறது. எட்டரை முதல் பத்தரை வரை பூச்சிகள் இறங்கி வரும், வெளிச்சமும் சாய்ந்து விழும். உச்சி வெயிலில் அவை எங்கும் நிற்பதில்லை.

கைத்தொலைபேசியா? மிக அருகில் கொண்டுபோனால் பல தொலைபேசிகள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி மேக்ரோ (மிகக் கிட்டத்துப் படம்) எடுக்கும். அதற்குச் சில சென்டிமீட்டர் தூரம் வரை போக வேண்டும். எந்த வண்ணத்துப்பூச்சியும் அவ்வளவு பொறுமை காட்டாது. 2 அல்லது 3 மடங்கு ஜூம் லென்ஸைத் தேர்ந்தெடுத்து ஒரு கை நீளத்தில் நின்று எடுங்கள்.

கடைசியாக, லென்ஸ். 60 மி.மீ. மேக்ரோ லென்ஸில் பூச்சியை உண்மை அளவிலேயே பிடிக்க லென்ஸின் முன்பகுதி கிட்டத்தட்ட அதன் மூக்கில் இடிக்கும். 100 மி.மீ. லென்ஸில் அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி கிடைக்கும். 180 மி.மீ. லென்ஸில் இன்னும் அதிகம், விலையும் அப்படியே. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் ஏறத்தாழ 3000-க்கு 2000 புள்ளிகள் மிஞ்சும். ஏ4 தாளில் அச்சிட அது போதும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொண்டால் பல சமயம் புது லென்ஸே தேவைப்படாது.

## ஓர் இறக்கை தெளிவு, மற்றது மங்கல்

அதிகம் வரும் புகார் இது. பெரும்பாலும் கேமராவில் கோளாறு எதுவும் இருக்காது, நிற்கும் கோணத்தில்தான் இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கண் தெளிவாக இருந்தால் படம் பிழைத்தது, மற்றதைப் பேசலாம். கண் மங்கலாக, வால் மட்டும் பளிச்சென்று இருந்தால் அழித்துவிடுங்கள், அதைக் காப்பாற்ற முடியாது.

### இறக்கையை மூடி வைத்திருந்தால்

இதுதான் எளிது. மூடிய இறக்கை ஒரு தட்டையான தாள். உங்கள் கேமராவின் பின்பக்கமும் (தொலைபேசி என்றால் அதன் முதுகும்) அந்தத் தாளுக்கு இணையாக இருக்க வேண்டும், மேசைமேல் ஒரு புத்தகத்தின்மீது இன்னொன்றை வைத்ததுபோல. தலை தெளிவு, வால்பக்கம் மங்கல் என்று வந்தால் நீங்கள் தலைப்பக்கமாகவோ வால்பக்கமாகவோ ஒதுங்கி நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த படத்துக்குக் கேமராவைத் திருப்பினால் போதாது, நீங்களே அரையடி நகர வேண்டும். மேல் விளிம்பு மட்டும் மங்கினால் உயரம் தவறு: முட்டியை மடக்குங்கள்.

### விரித்து வைத்திருந்தால்

நேர் மேலிருந்து எடுத்தால் இரண்டு இறக்கையும் தெளிவாக விழும். ஆனால் அருங்காட்சியகத்தில் குண்டூசி குத்தி வைத்ததுபோல இருக்கும். நான் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து தாழ்வாக, கண் மட்டத்தில் எடுப்பேன். இறக்கை நுனிகள் மங்கட்டும். இது என் ரசனை. எந்த வகை என்று அடையாளம் காண்பதற்காக எடுக்கிறீர்கள் என்றால் மேலிருந்து எடுப்பதே சரி.

### பாதி விரித்திருந்தால்

காத்திருங்கள். பல பூச்சிகள் இறக்கையை மூடித் திறந்துகொண்டே இருக்கும். மூடும் நொடியில் அழுத்துங்கள்.

### கோணம் சரி, இன்னும் மங்கலா?

அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவைப் பாருங்கள். எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (அதன் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, பழைய ஃபிலிம் அளவு பெரியது) பூச்சியைச் சென்சாரில் அதன் உண்மை அளவில் பாதியாகப் பதிவு செய்யும்போது, எஃப் 8-இல் தெளிவாக விழும் ஆழம் 3 மி.மீ. அளவுதான். எஃப் 11-இல் சுமார் 4 மி.மீ. உண்மை அளவிலேயே எடுத்தால் எஃப் 11-இலும் ஒன்றேகால் மி.மீ. சொச்சம். ஓர் அரிசியின் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எஃப் 8 முதல் 11 வரை வைத்து, ஓரடி பின்வாங்குங்கள். தூரம் கூடக்கூடத் தெளிவின் ஆழம் வேகமாகக் கூடும். எஃப் 16-ஐத் தாண்டிப் போகாதீர்கள், படம் முழுவதும் லேசாகக் கூர்மை இழக்கும்.

பல படங்களை வெவ்வேறு தூரத்தில் ஃபோக்கஸ் செய்து ஒன்றாக அடுக்கும் வித்தை இருக்கிறது. அசையாத பூச்சிக்குத்தான் அது உதவும். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த பூச்சி இறக்கை காயும்வரை ஓரிரு மணி நேரம் ஒரே இடத்தில் தொங்கும். அப்போது முயலுங்கள்.

### எப்போது சர்வீசுக்குக் கொடுப்பது?

தமிழ் முரசு நாளிதழின் தாள் ஒன்றைச் சுவரில் சமமாக ஒட்டி, கேமராவை முக்காலியில் வைத்து, நேருக்கு நேர் எடுங்கள். எத்தனை முறை எடுத்தாலும் தாளின் ஒரே பக்கம் மட்டும் எழுத்து கலங்கினால், லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, அதாவது கேமராவைக் கவிழ்த்து, இன்னொருமுறை எடுங்கள். கலங்கல் எதிர்ப்பக்கம் மாறினால் லென்ஸின் உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் இது நடக்கும். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொன்றும் பார்க்கலாம். அடிக்கோலைச் சாய்வாக வைத்து 10-ஆம் எண்ணில் ஃபோக்கஸ் செய்யுங்கள். தெளிவு எப்போதும் 9-இலோ 11-இலோ விழுந்தால் கேமரா மெனுவில் திருத்தம் செய்யும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கடைக்கு.

## எதுவுமே தெளிவாக இல்லை

ஷட்டர் வேகம் முதலில். பூவில் அமைதியாக நிற்கும் பூச்சிக்கு 1/500 வினாடி. காமன் மார்மன் மாதிரி குடிக்கும்போதும் இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும் வகைகளுக்கு 1/1000. இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600 வரை ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் தெளிவான படம், வழவழப்பான மங்கல் படத்தைவிட மேல்.

அடுத்து காற்று. தண்டு ஆடினால் காற்று வரும் பக்கம் ஒரு குடையை விரித்து வையுங்கள், பூவின்மேல் நிழல் விழாமல்.

மூன்றாவது, என் அவமானக் கதை. என் மேக்ரோ லென்ஸ் திடீரென்று கிட்டத்தில் ஃபோக்கஸ் ஆகவே மறுத்தது. மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி, மதிய உணவு நேரத்தில் ரயில் ஏறி ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தானை ஒரு விரலால் நகர்த்தித் திருப்பிக் கொடுத்தார். ஃபோக்கஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான் அது. 'அரை மீட்டருக்கு அப்பால் மட்டும்' என்று இருந்திருக்கிறது. பையில் உரசி நகர்ந்திருக்கும். காசு வாங்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பொத்தான் சரியாக இருந்தும் ஃபோக்கஸ் முன்னும் பின்னும் அலைந்தால், கையால் ஃபோக்கஸ் செய்யும் முறைக்கு மாறுங்கள். தூரத்தை நிலையாக வைத்துவிட்டு உங்கள் உடம்பை ஒரு நூல் முன்னே பின்னே சாய்த்து, தொடர்ச்சியாக ஐந்தாறு படம் அழுத்துங்கள். ஒன்றாவது விழும்.

## பூச்சி அழகு, பின்னணி குப்பை

சிங்கப்பூரில் கொல்லைப்புறம் என்று சொன்னாலே பாதிப்பேர் சிரிப்பார்கள். தரைவீட்டில்கூடப் பத்தடி சிமெண்டுத் தரை, ஏசி கம்ப்ரசர், குழாய், சுவர், அதற்கப்பால் பக்கத்து வீட்டுச் சமையலறை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கம்பிக்கதவும் சைக்கிளும். கீழே தோட்டத்துக்குப் போனால் மேலே மூங்கில் கம்புகளில் துணி. காட்டில் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைப்பே தேவையில்லை. நமக்கு இதுதான் முக்கால்வாசிப் பாடம்.

அக்கா ஒருமுறை அனுப்பிய லைம் வண்ணத்துப்பூச்சி உண்மையிலேயே பிரமாதம். தலைக்கு மேலே நிலா மாதிரி ஒரு நீல வட்டம். "தம்பி, அது என்னடா?" என்று அவரே கேட்டார். துணி ஊறவைத்த வாளி.

பூச்சியைப் பார்க்காமல் நான்கு மூலைகளைப் பாருங்கள். பொத்தானை அழுத்தும் முன் ஒரு நொடி. பூச்சியைவிட வெளிச்சமான எதுவும், பூவைத் தவிர அழுத்தமான நிறமுள்ள எதுவும் சட்டகத்தில் இருக்கக்கூடாது. தலைக்குப் பின்னால் கம்பியோ தண்டோ நேராகப் போனால் உணர்கொம்பு அதில் தொலைந்துவிடும்.

இருந்தால், நகருங்கள். கிட்டத்துப் படத்தில் கேமராவை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினால் பூச்சி அப்படியே இருக்கும், பின்னணி மொத்தமாக மாறும். முட்டி போட்டால் தரை மறைந்து செடி வரும். இன்னும் தாழ்ந்தால் வானம் வந்து வெளிறிவிடும், அதற்கு முன் நிறுத்துங்கள். நின்றபடி குனிந்து எடுத்தால் பின்னணியில் எப்போதும் சிமெண்டுதான்.

நகர்ந்தும் தீரவில்லை என்றால் செடியை நகர்த்துங்கள். நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான், யாரும் கேட்பதில்லை. பூச்சி வருவதற்கு முந்தின நாளே படத்தின் முக்கால் பங்கை முடித்துவிடலாம். இட்லிப்பூத் தொட்டி சுவரோடு ஒட்டி இருந்தால் சுவரின் கறைகூடத் தெளிவாக விழும். அதையே சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னால் இழுத்து வைத்தால் சுவர் வெறும் நிறமாகக் கரையும். சுவரின் நிறம் பிடிக்கவில்லையா, பின்னால் ஒரு பாண்டான் தொட்டியை வையுங்கள். பச்சைத் துணி தொங்கவிடுகிறவர்களும் உண்டு. காற்றில் ஆடும், நிறமும் பொய்யாக இருக்கும். இலைதான் இலை மாதிரி கரைகிறது.

தொட்டியை இழுத்து வைத்தபின், பூச்சிக்குப் பதிலாகப் பூவையே நாலு கோணத்தில் எடுத்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் பின்னணி சுத்தமோ அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலை அந்தக் கோட்டில்தான் ஸ்டூல். பூச்சி வேறு பூவில் உட்கார்ந்தால்? உட்காரட்டும். திரும்ப வரும்.

தாழ்வாரத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நடைபாதையில் 1.2 மீட்டர் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறுவதற்கான விதி அது. படம் எடுத்து முடித்ததும் தொட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

எதுவும் முடியாத இடமா? சமூகத் தோட்டத்தில் அடுத்தவர் தொட்டியை நகர்த்த முடியாது. அங்கேதான் நீளமான லென்ஸ் பயன்படும். பார்வைக் கோணம் குறுகலாக இருப்பதால் பின்னணியில் மிகச் சிறிய துண்டு மட்டும் விழும். ஏற்கெனவே 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் அதன் முன்னே திருகும் குளோசப் கண்ணாடி ஒன்று போதும். 180 மி.மீ. மேக்ரோவுக்குப் பல நூறு வெள்ளி கொடுப்பதற்கு முன் அதை முயலுங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் படம் சப்பென்று இருக்கிறது

- பூச்சி நட்ட நடுவில் இருக்கிறதா? அது பார்க்கும் பக்கம் இடம் அதிகம் விட்டு, முதுகுப்பக்கம் குறையுங்கள்.
- உணர்கொம்போ வாலோ விளிம்பில் வெட்டுப்பட்டதா? எடுக்கும்போதே தாராளமாக இடம் விடுங்கள். வெட்டுவதை வீட்டில் செய்யலாம், ஒட்ட முடியாது.
- பூ பாதியில் அறுந்து தொங்குகிறதா? தண்டு சட்டகத்தின் ஒரு மூலையிலிருந்து நுழையும்படி கேமராவைத் திருப்புங்கள். அந்தரத்தில் நிற்கும் பூ கண்ணை உறுத்தும்.
- நிற்கும் உயரத்திலிருந்தே எடுத்தீர்களா? அதுதான் காரணம். கண் மட்டத்துக்கு இறங்குங்கள்.

இதற்கு மேலும் சப்பென்று இருந்தால் கேமராவை மாற்றத் தோன்றும். வேண்டாம். பொழுதை மாற்றுங்கள். மழை விட்டு வெயில் வரும் முதல் அரைமணி நேரத்தில் பூச்சிகள் இறக்கையை விரித்துக் காயவைக்கும், இலையெல்லாம் துளி நிற்கும். என் சுவரில் மாட்டியிருக்கும் மூன்று படங்களும் அந்த அரைமணி நேரத்தில் எடுத்தவை.

படம் அடையாளத்துக்கும் வேண்டுமென்றால் உடம்பை மறைக்காத கோணம் பிடியுங்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2015-இல் நடத்திய வாக்கெடுப்பில் வென்ற காமன் ரோஸும், அதைப் போலவே வேடம் போடும் காமன் மார்மன் பெண்ணும் இறக்கையில் ஆளை ஏமாற்றும். உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஸ், கறுப்பாக இருந்தால் மார்மன்.

## வெள்ளை வெளிறுகிறது, கறுப்பு சாம்பலாகிறது, அல்லது பின்னணி இருண்டுபோகிறது

வெள்ளைப் பூச்சி சிறியது, சுற்றிலும் கரும்பச்சை இலை: கேமரா இலையைப் பார்த்துப் படத்தைப் பிரகாசமாக்கிவிடும், இறக்கையின் நரம்புகள் காணாமல் போகும். எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) −2/3 அல்லது −1 வையுங்கள். அதே வெள்ளை சட்டகத்தை நிறைத்தால் நேர்மாறாகச் சாம்பலாகும், +2/3 வையுங்கள். கறுப்பு மார்மன் சட்டகத்தை நிறைத்தால் −1. தொலைபேசியில் பூச்சியைத் தொட்டுவிட்டு, திரையில் வரும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் இதே வேலை நடக்கும்.

பகலில் எடுத்த படம் நள்ளிரவு மாதிரி கறுத்த பின்னணியோடு வந்தால் ஃபிளாஷ்தான் காரணம். பூச்சிக்கு எட்டும் வெளிச்சம் சுவருக்கு எட்டுவதில்லை. ஷட்டரை 1/125-க்கு இறக்கி ஐஎஸ்ஓவை ஏற்றினால் பின்னணியும் எழும். இறக்கையில் வெள்ளைத் திட்டு விழுந்தால் ஃபிளாஷுக்கு முன் வெள்ளைத்தாளோ ஒளியை மென்மையாக்கக் கடையில் விற்கும் டிஃப்யூசரோ வையுங்கள். தாளே போதும்.

## பால் ஊற்றியதுபோல மூட்டம், அல்லது எப்போதும் ஒரே இடத்தில் புள்ளி

வெளியே வந்த முதல் சில நிமிடங்கள் மட்டும் மூட்டமா? ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. துடைக்காதீர்கள், லென்ஸைக் கழற்றவும் வேண்டாம். படம் எடுக்கப் போகும் அரைமணிக்கு முன் பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள்.

நேரம் போனாலும் மூட்டமா? முன்கண்ணாடியில் விரல் தடமா என்று பாருங்கள். ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஒரு படம் எடுங்கள். பாதிப்பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

புள்ளி மட்டுமா? எஃப் 16-இல் வெற்று வானத்தை எடுங்கள். லென்ஸை மாற்றியும் அதே மூலையில் புள்ளி நின்றால் சென்சாரில் தூசி. கேமரா மெனுவில் சுத்தம் செய்யும் வசதி, பிறகு கையால் அமுக்கும் ஊதுபை, இரண்டும் பலிக்கவில்லையென்றால் கடை. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸுக்கு இது வரும். இந்த இடத்தில் கைவைத்தியம் கூடாது. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கேமராக் கடைகள் நிறைய உண்டு. ஒன்றுக்கு இரண்டு இடத்தில் கட்டணம் கேளுங்கள். கேட்கும்போதே அதே லென்ஸ் பழையதாக என்ன விலை என்றும் விசாரியுங்கள். சுத்தம் செய்யும் கூலி அதில் பாதியைத் தொட்டால் நான் சுத்தம் செய்யமாட்டேன். பூஞ்சை கண்ணாடியின் பூச்சைத் தின்றிருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். மற்ற லென்ஸ்களை உடனே பிரித்து, 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் இருக்கும் உலர்பெட்டியில் வையுங்கள்.

## பூச்சியே வரவில்லை

தேன் தரும் பூ மட்டும் வைத்தால் வந்து குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிடும் செடி இருந்தால்தான் தங்கும். எலுமிச்சைக்கு லைம் வரும், எருக்குக்குப் பிளெய்ன் டைகர் வரும். பழகுவதற்கு டானி கோஸ்டர் நல்லது, மெதுவாகப் பறக்கும். 2006-இல்தான் இந்தத் தீவில் முதன்முதலாகத் தென்பட்டது, இப்போது புல்வெளிகளில் சாதாரணம். இடமே இல்லாதவர்கள் ஹார்ட்பார்க் தோட்டக்கலைப் பூங்காவுக்குப் போகலாம். அங்கிருந்து புழுவை எடுத்துவராதீர்கள்.

ஈரமணல் தட்டு வைத்தால் தாது உப்பு உறிஞ்ச ஆண்பூச்சிகள் வரும். ஈரம் மட்டும் இருக்கட்டும், தண்ணீர் தேங்கினால் கொசுவும் அதற்கான அபராதமும் வரும்.

அக்கா வீட்டில் எதுவும் வரவில்லை என்று மூன்று மாதம் புலம்பினார். போய்ப் பார்த்தால் கறிவேப்பிலைக்கு வாராவாரம் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். மார்மன் முட்டையிடும் செடியே அதுதான். இப்போது மருந்தை நிறுத்திவிட்டார். குழம்புக்குக் கிள்ளும் முன் இலையைத் திருப்பிப் பார்க்கிறார். பறவை எச்சம் மாதிரி எதுவும் ஒட்டியிருந்தால் அந்தக் கொத்தை விட்டுவிட்டு அடுத்ததைக் கிள்ளுகிறார், அது இளம்புழு.